பாதியில் நின்ற சொல்

அண்ணன் வாயைத் திறந்தார். பாதிச் சொல் வந்தது. அங்கேயே நின்றது.

நான் வீட்டுக்குப் பின்னால், வாவிக்குள், முழங்கால் தண்ணீரில் நின்றேன். பக்கத்தில் என் தோணி. கையில் தோணிக் கம்பு. கம்பை மேலே தூக்கிப் பிடித்திருந்தேன்.

குசினிக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே கதிரையில் அண்ணன். அவருக்கு முன்னால், மேசையில், பால்மா டின்னில் சாத்தி வைத்த போன். போனுக்குள் நோர்வேக்காரி ஒருத்தி. அவள் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

நான் கம்பைத் தண்ணீரில் அடித்தால் மற்றப் பாதி வரும். அடிக்காவிட்டால் வராது. அது எனக்குத் தெரியும். என் மனைவிக்கும் தெரியும். தட்டுகிறேன் என்பது மட்டும்தான் போனுக்குள் இருந்தவர்களுக்குத் தெரியும்.

அண்ணன் எங்களோடு இருப்பாரா, போவாரா என்பது அந்த ஒரு சொல்லில் இருந்தது.

போன கிழமை இந்தப் பத்தியை, இந்தத் தோணி வாங்கிய கதையோடு நிறுத்தியிருந்தேன். இந்தக் கிழமையும் தோணிதான். ஆனால் மீன் இல்லை.

அண்ணன் வந்த விதம்

என் அண்ணன் தேவராசா சண்டைக் காலத்தில் எங்கள் ஊரான குருக்கள்மடத்தை விட்டுப் போனவர். நோர்வேயின் வடக்கு மூலையில் போய் நின்றார். அங்கே ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை. மீனை வெட்டுவது, முள் எடுப்பது, பெட்டியில் அடுக்குவது.

அப்போது வீட்டில் போன் இல்லை. களுவாஞ்சிகுடியில் ஒரு கடைக்குப் போய் வாங்குப் பலகையில் காத்திருந்து பேசுவோம். "உயிர் மீன் பிடிச்சவன் இஞ்ச வந்து செத்த மீனோட மல்லுக்கட்டுறன்" என்பார்.

பாஷை எப்படி என்று கேட்டேன். "எல்லாச் சொல்லையும் ஏசுற மாதிரித் தொடங்குறாங்க, தம்பி. பாதியில மனசு மாறிடுது" என்றார். கடையில் நின்ற எல்லாருக்கும் கேட்கிற மாதிரி நான் சிரித்தேன். அதன் அர்த்தம் விளங்க எனக்கு வயது போக வேண்டியிருந்தது.

அண்ணி அங்கேயே காலமானா. அங்கேயே மண்ணில் வைத்தார்கள். எரிக்கிற வசதி அந்த ஊரில் இல்லையாம். ஒரே மகள் நிரோஜாவும் அங்கேதான். அவளுக்கு ஒரு சின்னப் பெண் பிள்ளை.

பிறகு அண்ணனுக்குப் பாரிசவாதம் அடித்தது. வலது கை விழுந்தது. பேச்சும் விழுந்தது.

நாம் சொல்வது கொஞ்சம் விளங்கும். திருப்பிச் சொல்லத்தான் வராது. பிறந்த தமிழில் ஒரு சொல் வராது. போன இடத்தில் படித்த நோர்வேச் சொல் மட்டும் எப்போதாவது, அதுவும் உடைந்து வரும். இப்படியும் நடக்குமாம். அங்குள்ள டொக்டர் சொன்னதாக நிரோஜா சொன்னாள். எனக்கு விளங்கவில்லை. மேலே கேட்கவும் இல்லை.

ஊர்க்காற்றுப் பட்டால் தமிழ் திரும்பும் என்று அவளே கூட்டிக்கொண்டு வந்தாள். லீவு முடிந்ததும் அவள் போனாள். அண்ணன் நின்றார்.

வீடு என்னுடையது இல்லை. மனைவி பாக்கியத்தின் சீதன வீடு. எங்கள் பகுதியில் வீடு பெண் பிள்ளைக்குத்தான். ஆண், கலியாணம் கட்டிய வீட்டில் போய் இருப்பான். அதனால் அண்ணன் வர முதலே பாக்கியத்திடம் கேட்டிருந்தேன்.

"அத்தான் வரட்டும்" என்றாள். "ஆனா அவரச் சாட்டி என்னட்ட வேலை வாங்கிற நினைப்பிருந்தா இப்பவே விட்டிருங்க. குளிக்க வாக்கிறது நீங்க."

"ஓம்."

"சவரம் எடுக்கிறதும் நீங்க."

"ஓம்."

"ஓம் எண்டு சொல்றத்துக்கு மட்டும் நல்ல வாய்."

தலையாட்டல் செல்லாது

அண்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். சோறா? ஆட்டுவார். பாணா? ஆட்டுவார். ஒரு நாள் பாக்கியம், "அத்தான், உங்கட தம்பிய வாவிக்குள்ள தள்ளட்டா?" என்று கேட்டாள். அதற்கும் ஆட்டினார். பிறகு என்ன கேட்டாள் என்று விளங்கி, ஒரு பக்க வாயால் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அந்தக் கிழமையோடு சரி.

நிரோஜா போன் எடுத்தாள்.

"சித்தப்பா, அப்பாவுக்கு இஞ்ச ஒரு இடம் கிடைச்சிருக்கு."

நோய் விழுந்த வருத்தக்காரரை வைத்துப் பார்க்கிற இல்லம். அவள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். நெடுநாள் காத்திருந்த இடமாம். இப்போது எடுக்காவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும்.

"நீங்க வேணாமெண்டு சொல்லுவீங்க எண்டு தெரியும்" என்றாள்.

"நான் இன்னும் ஒண்டும் சொல்லல்லயே."

"நீங்க சொல்லாம இருக்கிறதே சொல்றதுதானே சித்தப்பா."

அங்கே கொம்யூன் என்று ஒன்று இருக்கிறது. எங்கள் பிரதேச சபை மாதிரி. இடம் கொடுப்பது அவர்கள். அவர்கள் போனில் முகம் பார்த்து அண்ணனிடம் கேட்பார்களாம், எங்கே இருக்க விருப்பம் என்று. அவர் வாயால் சொல்ல வேண்டும். தலையாட்டல் செல்லாது. எதற்கும் ஆட்டுகிறவர் என்பது அவர்களுக்கும் தெரியும்.

"சொல்லாட்டி?" என்று கேட்டேன்.

"அப்பாட வாயால வராம அவரை இடம் மாத்த மாட்டினம். அங்கயே இருக்க வேண்டியதுதான்."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"நீங்க சும்மா இருந்தாலே அப்பா உங்களோடதான், சித்தப்பா. அது எனக்கு விளங்குது. அதாலதான் உங்களக் கேக்கிறன். அவரச் சொல்ல வைங்க. உங்களோட இருக்கப்போறன் எண்டு சொன்னா நான் ஒரு கதையும் கதைக்க மாட்டன். ஆனா அவர் சொல்லணும்."

போனை வைத்தேன். பாக்கியம் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருந்தாள்.

"அவர் இஞ்சயே இருக்கட்டும்" என்றேன்.

"அது நீங்க. அத்தான்?"

பொருத்து

நிரோஜா இரண்டு சொல்லைக் குரலில் அனுப்பினாள். அந்த இல்லத்துக்கு ஒரு சொல்: ஸூக்கெயெம். ஸூக்கெ என்றால் வருத்தக்காரர், யெம் என்றால் வீடு. மற்றது தம்பி என்பதற்கு: லில்லெப்ரூர். லில்லெ சின்னது, ப்ரூர் சகோதரன். இரண்டில் ஒன்றை அண்ணன் சொன்னால் போதும்.

அங்கே சொற்களை இப்படித்தான் கட்டுகிறார்கள். ஒன்றை மற்றதோடு சேர்ப்பார்கள். அதோடு இன்னொன்றையும் சேர்ப்பார்கள். வலைத் துண்டுகளைப் பொருத்திக்கொண்டே போவது போல.

நான் சொல்லிப் பார்த்து அனுப்பினேன். சூ-கெ-யெம். அவள் திருப்பி எடுத்தாள். முதலில் சிரித்தாள்.

"சித்தப்பா, மூண்டையும் ஒரே பாரத்தில வைக்கிறீங்க. அப்பிடிச் சொன்னா இஞ்ச ஒருத்தருக்கும் விளங்காது. முன் பாதியில பாரத்தப் பலமா வைங்க. மறுகா பின் பாதியில கொஞ்சமா. நடுவுல கிடக்கிற 'கெ'யில பாரம் வைக்காதீங்க. அது சும்மா போகட்டும்."

"நடுவுல மூச்சு விடலாமா?"

"கூடாது. மூச்சு விட்டா ரெண்டு சொல்லாப் போயிடும். எங்க பிரியுது எண்டு காதுக்குத் தெரியணும். ஆனா பிரியக் கூடாது."

இது விளங்கியது. வலையைக் கையால் தடவிக்கொண்டு போனால் பொருத்து வருகிற இடம் விரலுக்குத் தெரியும். ஆனால் அந்த இடத்தில் மீன் போகிற ஓட்டை இருந்தால் பொருத்தினவன் வேலை தெரியாதவன்.

விளங்கியது மூளைக்கு. வாய்க்கு வரவில்லை. நாம் பேசும்போது இப்படிப் பாரம் வைப்பதில்லை. கோபம் வந்தால் வைப்போம். அதனால் நான் யாரையோ ஏசுவதாக நினைத்துக்கொண்டு சொல்லிப் பழகினேன். கடைப் போனில் அண்ணன் சொன்னது அப்போதுதான் சரியாக விளங்கியது.

நிரோஜாவின் பிள்ளையும் ஒரு தரம் சொல்லி அனுப்பியது. இன்னும் மழலை போகவில்லை. பாரம் மட்டும் சரியான இடத்தில் விழுந்தது.

ஒரு காலை கரையில் வலை உதறிக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தேன். அலியார் காக்கா பின்னால் வந்து நின்றிருக்கிறார். காத்தான்குடியிலிருந்து மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு வந்து எங்களிடம் மீன் எடுப்பவர். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் காக்கா என்போம்.

"என்ன தம்பி, மீனுக்கு ஓதிப் பாக்கிறீங்களா?"

"நோர்வே பாஷை, காக்கா."

"அதான் மணலை மீனக் காணல்ல. ஆரோ வெள்ளக்காரன் வந்திரிக்கான் எண்டு ஓடிரிக்கும்."

அண்ணனிடம் சொல்லிப் பார்த்தேன். ஒரே பாரத்தில் சொன்னபோது, தெருவில் போகிற ஆளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். முன் பாதியில் பலமாகப் பாரம் வைத்துச் சொன்னபோது கண் திரும்பியது. உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

நாள் போய்க்கொண்டிருந்தது. கேட்கிற நாளைக் கொம்யூன் குறித்துவிட்டது.

டங், தொப்

வாவியில் நாங்கள் மீனை விரட்டிக் கலைக்கிற விதத்தைச் சொல்ல வேண்டும்.

ஆழம் குறைந்த இடத்தில் வலையை வளைத்து விடுவோம். வலைத் தோணியில் ஒருவர் எழும்பி நிற்பார். மற்றத் தோணிகள் எதிர்ப்பக்கம் போகும். அங்கிருந்து கம்பால் தோணியின் பக்கவாட்டில் பலமாக ஒரு அடி. உடனே அதே கம்பால் தண்ணீரில் மெல்லிய ஒரு அடி. டங், தொப். டங், தொப்.

பலத்த அடிக்கு மீன் வெருளும். மெல்லிய அடி அதை ஒரு பக்கம் திருப்பும். மெல்லியதை விட்டுவிட்டால் மீன் நாலு பக்கமும் சிதறும். பிறகு வலை எதற்கு?

இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வலைத் தோணியில் நிற்பவர் விரலை விரித்துக் கையை மேலே தூக்கினால் எல்லாத் தட்டும் நிற்க வேண்டும். வாயும் மூட வேண்டும். மீன் வலை வாசலுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். திரும்பத் தட்டுவதென்றால் தண்ணீரில் எதிர்ப்பக்கம் நிற்கிற தோணியிலிருந்துதான் முதல் அடி வர வேண்டும். கை தூக்கியவர் தொடங்கக் கூடாது.

எங்கள் அப்பா இதில் கண்டிப்பு. ஒரு முறை அவர் கை தூக்கி நிற்கும்போது அண்ணன் தும்மிவிட்டார். கரைக்கு வந்ததும் கம்பால் முதுகில் வாங்கினார். பக்கத்தில் இருந்ததற்காக நானும் ஒன்று வாங்கினேன்.

ஒரு பின்னேரம் அண்ணனைக் கரையில் கதிரை போட்டு இருத்தியிருந்தேன். தூரத்தில் பக்கத்து ஊர்க்காரர் மீன் கலைத்தார்கள். தண்ணீர் மேலாக அந்தச் சத்தம் வந்தது. டங், தொப்.

அண்ணனின் இடது கை தொடையில் அசைந்தது. பலமாக ஒன்று. மெல்லியதாக ஒன்று.

"ஃபிஸ்கெ-போட்" என்றார்.

உடையாத சொல். முன் பாதி பலம், பின் பாதி கொஞ்சம், நடுவில் மூச்சு இல்லை. மீன் தோணி என்று அர்த்தமாம். நிரோஜாவுக்கு நான் அதைச் சொல்லிக் காட்டியபோது அவள் அழுதாள்.

அன்று முதல் வாங்கில் தட்டத் தொடங்கினேன். உள்ளங்கையால் ஒன்று, விரலால் ஒன்று. நான் சொல்லைச் சொல்லித் தட்டுவேன். பிறகு சொல்லாமல் தட்டுவேன். பலத்த தட்டுக்கு முன் பாதி வந்தது. மெல்லிய தட்டுக்குப் பின் பாதி வந்தது.

ஒரு தரம் பலத்த தட்டோடு நிறுத்திப் பார்த்தேன். முன் பாதி வந்து நின்றது. அண்ணனின் வாய் திறந்தபடி இருந்தது. நெற்றி வியர்த்தது. மூட்டையைப் பாதி தூக்கி, இறக்கவும் முடியாமல் நிற்பவர் போல இருந்தார்.

"தட்டுங்க! மனிசன் அந்தரப்படுறார்" என்று பாக்கியம் சத்தம் போட்டாள்.

தட்டினேன். மற்றப் பாதி வந்தது.

முதல் நாள் தம்பி என்கிற சொல்லை மட்டும்தான் பழக்கினேன். பாக்கியம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மத்தச் சொல்?"

"நாளைக்கு."

"இண்டைக்கு. ஒண்ட மட்டும் படிப்பிச்சா அது அத்தான்ட வாயில்ல. உங்கட வாய்."

மற்றதையும் பழக்கினேன். இரண்டு சொல்லுக்கும் ஒரே தட்டுத்தான். ஸூக்கெ-யெம். லில்லெ-ப்ரூர். தட்டைக் கேட்டு எந்தச் சொல் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

எங்கே இருக்க விருப்பம் என்று நான் அண்ணனிடம் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். பயம்.

கை

அந்த நாள் கடல் பக்கமிருந்து காற்று. வாவி முழுக்கச் சுருக்கம் விழுந்திருந்தது. பாக்கியம் காலையிலேயே அண்ணனுக்கு வெள்ளைச் சேட் போட்டுவிட்டாள். நான் சவரம் எடுத்தேன். இரண்டு இடத்தில் வெட்டினேன்.

"ஏன் இப்பிடி வெட்டுறீங்க?" என்றாள்.

"பிளேட் சரியில்ல."

குசினியில்தான் சிக்னல் நன்றாக வரும். போனில் நோர்வேக்காரி வந்தாள். கண்ணாடி போட்ட, அமைதியான முகம். இன்னொரு பெட்டியில் நிரோஜா. முகம் காட்டாமல் மொழிபெயர்க்கிற ஒரு அம்மா. அவ யாழ்ப்பாணத்து ஆள். பேச்சில் தெரிந்தது.

"பக்கத்தில ஆரும் சொல்லு எடுத்துக் குடுக்கக் கூடாதாம் ஐயா. அவர் தானாச் சொல்லவேணுமாம்."

தட்டலாமா என்று கேட்டேன். தட்டிக் காட்டினேன். நோர்வேக்காரி தலையைச் சரித்துக் கேட்டாள். தங்கள் ஊரிலும் பேச்சுப் போனவர்களுக்கு இப்படித் தட்டிப் பழக்குவது உண்டாம். சொல் மட்டும் கொடுக்கக் கூடாது, தட்டலாம் என்றாள்.

நான் போனுக்குப் பின்னால், அண்ணன் பார்க்கிற இடத்தில், வாங்கில் இருந்தேன். பாக்கியம் அடுப்பங்கரையில் நின்றாள்.

"வூர் வில் டு பூ?" என்று நோர்வேக்காரி கேட்டாள். எங்கே இருக்க விருப்பம்.

தட்டத் தொடங்கினேன். அண்ணனின் இடது கை கதிரைக் கையில் எழும்பியது. என்னோடு சேர்ந்து ஒரு தரம் தட்டியது. உதடு குவிந்தது.

முன்வாசலில் மோட்டார் சைக்கிள் ஹோர்ன் அடித்தது. அலியார் காக்கா. வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டார்.

"தம்பி, செப்பலி மீன் ஏதும் கிடக்கா? நல்ல விலைக்கு..."

அவரைப் பேசாமல் நிற்கச் சொல்ல நான் கையைத் தூக்கினேன். விரல் விரிந்திருந்தது.

காக்கா நின்றார். அண்ணனின் தட்டும் நின்றது.

கை கதிரையில் இறங்கியது. வாய் மூடியது. கண் என் கையிலேயே இருந்தது. அப்பா முன்னால் நிற்கிற பொடியன் மாதிரி.

கையைக் கீழே போட்டேன். வாங்கில் தட்டினேன். ஒன்றும் இல்லை. பலமாகத் தட்டினேன். அண்ணன் அசையவில்லை. கை தூக்கியவர் தொடங்கக் கூடாது.

நோர்வேக்காரி இன்னொரு முறை கேட்டாள். காற்று மட்டும் கூரைக் கிடுகைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

"ஐயா களைச்சுப் போனார் போல" என்றா மொழிபெயர்க்கிற அம்மா. "இதோட நிப்பாட்டுவமோ எண்டு கேக்கினம்."

"அப்பா" என்றாள் நிரோஜா. அவ்வளவுதான்.

பாக்கியம் என் பக்கத்தில் வந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"வேணுமெண்டு தூக்கினீங்களா?"

"இல்ல."

என் முகத்தைப் பார்த்தாள். நம்பினாளோ என்னவோ. நானே கொஞ்ச நேரம் யோசித்தேன்.

ஓம், களைத்துவிட்டார் என்று சொன்னால் முடிந்தது. பொய்யும் இல்லை. அண்ணன் இந்த வீட்டில்தான் இருப்பார். பின்னேரத்தில் கதிரையைக் கரையில் போடுவேன். நான் ஒன்றும் செய்யத் தேவையில்லை.

"கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க" என்றேன்.

காக்காவை விலத்திக்கொண்டு பின்கதவால் இறங்கினேன்.

மற்றப் பாதி

தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. கட்டியிருந்த தோணியைத் திருப்பி, பக்கம் வீட்டைப் பார்க்கிற மாதிரி வைத்தேன். பைபர் தோணி. தட்டினால் பறை மாதிரிக் கேட்கும்.

டங். தொப்.

ஒன்றும் இல்லை. காற்று எதிராக அடித்தது. இன்னும் பலமாக அடித்தேன்.

டங். தொப். டங். தொப்.

பாக்கியம் கதவில் வந்து நின்றாள். கையால் தன் தொடையில் தட்டிக் காட்டினாள். அண்ணனின் கை தொடங்கிவிட்டது.

அவள் உள்ளே பார்த்து, "கேக்கச் சொல்லுங்க" என்றாள்.

"வூர் வில் டு பூ?"

டங்.

"ஸூக்கெ..."

இந்த இடத்தில்தான் தொடக்கத்தில் நிறுத்தினேன்.

கம்பு மேலே நின்றது. கம்பில் இருந்த தண்ணீர் மணிக்கட்டால் வழிந்து கக்கத்துக்குள் போனது. குளிர்ந்தது.

அண்ணன் பிழையாகச் சொல்கிறாரோ என்று நினைத்தேன். பழக்கின இரண்டில் ஏதோ ஒன்று வாயில் வந்துவிட்டதோ என்று நினைத்தேன். இப்படி நினைக்க எனக்கு நிறைய நேரம் இருந்தது போல இருந்தது. உண்மையில் ஒரு மூச்சு நேரம்கூட இராது.

உள்ளே கதிரை கிறீச்சிட்டது. அண்ணன் அந்தரப்படுகிறார். பாக்கியம் கதவில் நின்றாள். அன்றைக்கு வாங்கில் தட்டுங்க என்று கத்தியவள், இன்றைக்கு வாய் திறக்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. கம்பைப் பார்த்தாள்.

அடித்தேன். தொப்.

"...யெம்."

சொல் முழுதாக வந்தது. பொருத்து இருந்தது. ஓட்டை இல்லை.

முடிந்தது என்று கம்பைத் தோணிக்குள் வைக்கப் போனேன். உள்ளேயிருந்து அந்த அம்மாவின் குரல் கேட்டது. பிழை வரக் கூடாது, அதனால் இன்னொரு தரம் கேட்கிறார்களாம்.

முதல் தரம் எந்தச் சொல் வரும் என்று தெரியாமல் டங் அடித்தது. இந்தத் தரம் தெரிந்து அடிக்க வேண்டும்.

கம்பை எடுத்தேன்.

டங்.

"ஸூக்கெ..."

தொப். நான் தாமதிக்கவில்லை.

"...யெம்."

உள்ளே

ஈரச் சாரத்தோடு குசினிக்குள் வந்தேன். பதிந்தாயிற்று என்று அந்த அம்மா சொன்னா. நோர்வேக்காரி என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். நன்றி சொல்கிறா என்று மொழிபெயர்த்தா. நிரோஜா முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"சித்தப்பா..."

"சரி மகள். மறுகா கதைப்பம்."

போன் இருண்டது. அலியார் காக்கா வாசலைப் பார்த்துத் திரும்பி நின்றார். "நான் வராம இரிந்திரிக்கலாம்" என்றார்.

"வந்தது நல்லம், காக்கா" என்றாள் பாக்கியம். "இரிங்க. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

அண்ணன் இன்னும் கதிரைக் கையில் தட்டிக்கொண்டிருந்தார். பலமாக ஒன்று, மெல்லியதாக ஒன்று. வெள்ளைச் சேட் முதுகோடு ஒட்டியிருந்தது. சவரத்தில் வெட்டிய இடம் இரண்டும் காய்ந்திருந்தன.

காரணம் எனக்குத் தெரியாததில்லை. அண்ணி மண்ணில் கிடக்கிற ஊர் அது. அவர் உழைத்துக் களைத்த ஊர். பேத்தி ஓடித் திரிகிற ஊர். எங்கள் வாவி அவருக்குச் சின்ன வயது. அந்த ஊர் அவருக்கு மிச்ச வயது முழுக்க.

தெரிந்தும் கேட்கத்தான் தோன்றியது. முன்னால் போய்க் குந்தினேன். என் சாரத்திலிருந்து தண்ணீர் நிலத்தில் ஓடியது.

"ஏன் அண்ணன்? இஞ்ச என்ன..."

அண்ணன் தட்டுவதை நிறுத்தினார். இடது கையை மேலே தூக்கினார். விரலை விரித்து, அப்பா வலைத் தோணியில் நின்று தூக்குவது போலவே.

நான் வாயை மூடினேன்.